"ஐ லைக் டாக்" தப்பு, "ஐ லைக் சிக்கன்" சரி. ஏன்?

கேள்வி இதுதான். நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு, தனக்குப் பிடிச்சதையெல்லாம் பத்து வரி இங்கிலீஷ்ல எழுதிட்டுப் போயிருக்கா. அதுல "ஐ லைக் டாக்"னு எழுதின இடத்துல டீச்சர் சிவப்பு மையில சுழிச்சு பக்கத்துல ஒரு 'எஸ்' போட்டுட்டாங்க. ரெண்டு வரி தள்ளி "ஐ லைக் சிக்கன்"னு எழுதியிருக்கா, அதுக்கு டிக். "நாயும் உசுருதான் கோழியும் உசுருதான், ஒண்ணுக்கு எஸ் வேணும் ஒண்ணுக்கு வேணாமான்னு கேக்குறா, எனக்கே பதில் தெரியல, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க"ன்னு அவங்க அம்மா கேட்டிருந்தாங்க.

மொதல்ல உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, அது ரொம்ப நல்ல கேள்வி. நான் பல வருஷமா சாயங்கால பேட்ச்ல இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன், காலேஜ் முடிச்சவங்க, வேலையில இருக்கிறவங்க, வெளிநாடு போக ரெடியாகுறவங்கன்னு எல்லாரும் வருவாங்க, இந்த ஒரு இடத்துல தடுக்கி விழாதவங்களை நான் அனேகமா பார்த்ததே இல்ல. டீச்சர் திருத்தினா திருத்தினபடி எழுதிட்டுப் போயிடுவோம், ஏன் இங்க மட்டும் எஸ்னு நின்னு கேக்குறது கம்மி. அவ கேட்டிருக்கா. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சுருக்கமான பதில்: இங்கிலீஷ்ல ஒரு பிராணியோட பேரை முன்னால 'எ'யும் இல்லாம, 'த'வும் இல்லாம, பின்னால எஸ்ஸும் இல்லாம மொட்டையா நிறுத்தினா, அது உசுரோட ஓடுற பிராணியைக் குறிக்காது. அந்தப் பிராணியால ஆன பொருளைக் குறிக்கும், பெரும்பாலும் கறியை. "ஐ லைக் சிக்கன்"னா கோழிக்கறி பிடிக்கும்னு அர்த்தம், குழந்தை சொல்ல நினைச்சதும் அதுதான், அதனால டிக். "ஐ லைக் டாக்"னா, இங்கிலீஷ்காரங்க காதுக்கு நாய்க்கறி பிடிக்கும்னு கேக்கும். குழந்தை சொல்ல வந்தது நாய்ங்களைப் பிடிக்கும்னு. அதுக்கு "ஐ லைக் டாக்ஸ்". ஒரு எஸ்ஸுல தட்டுல இருக்கிறது தெருவுக்கு வந்துடுது.

இந்தத் தப்பு எங்கேருந்து வருதுன்னு பார்த்தா, நம்ம தமிழ்லேருந்துதான் வருது, அதுல குழந்தையைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. "எனக்கு நாய் பிடிக்கும்", "தோட்டத்துல மாடு மேயுது", "நாங்க பத்து கோழி வளர்க்குறோம்". எங்கயாவது 'கள்' போட்டோமா? ஒரு மாடு மேஞ்சாலும் மாடு மேயுதுதான், நாப்பது மாடு மேஞ்சாலும் மாடு மேயுதுதான். ஆளுங்கன்னா அப்படி விட மாட்டோம், "ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க"ன்னு பன்மையைக் காட்டிடுவோம். அஃறிணைக்கு அந்தக் கட்டாயம் இல்ல. நன்னூல்ல இதுக்குப் பேரே இருக்கு, பால்பகா அஃறிணைப் பெயர்னு. அதாவது ஒண்ணா பலவான்னு பேரைப் பார்த்து பிரிக்க முடியாது, வினையைப் பார்த்துதான் தெரியும், மாடு வந்ததுன்னா ஒண்ணு, மாடு வந்தனன்னா பல. பேச்சுத் தமிழ்ல அந்த 'வந்தன'வும் போயிடுச்சு, எல்லாமே வந்துச்சுதான். ஆக உங்க பொண்ணு "எனக்கு நாய் பிடிக்கும்"னு சரியான தமிழ்ல யோசிச்சு, ஒவ்வொரு வார்த்தையா இங்கிலீஷுக்கு மாத்தியிருக்கா. தமிழ்ல மொட்டையா நிக்கிற பேரு முழுசா நிக்குது. இங்கிலீஷ்ல அப்படி நிக்க முடியல.

இங்கிலீஷ்ல உசுருள்ள பிராணின்னா பேருக்கு ஏதாவது ஒரு துணை வேணும். ஒண்ணுன்னா 'எ டாக்'. நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச அதுன்னா 'த டாக்'. பொதுவா எல்லாமும்னா 'டாக்ஸ்'. 'மை டாக்', 'தட் டாக்', 'டூ டாக்ஸ்' இதெல்லாமும் துணைதான். ஒரு சின்னக் கதை மாதிரி எழுதிப் பார்த்தா இது நல்லாத் தெரியும். தமிழ்ல, "வாசல்கிட்ட ஒரு நாய் நின்னுச்சு. பக்கத்துல போனேன், நாய் நொண்டிக்கிட்டே ஓடிடுச்சு." ரெண்டாவது வாக்கியத்துல வெறும் 'நாய்'னு சொன்னாலே அதே நாய்னு நமக்குப் புரிஞ்சிடுது. இங்கிலீஷ்ல மொதல் தடவை 'எ டாக்', ரெண்டாவது தடவை 'த டாக்'. ரெண்டாவது தடவையும் 'எ டாக்'னு போட்டா கதையில இன்னொரு நாய் வந்துட்டதா படிக்கிறவங்க நினைச்சுக்குவாங்க. நம்ம பசங்க கதை எழுதும்போது அதிகமா மார்க் போறது இங்கதான், ஆனா "கிராமர் வீக்"னு மட்டும் எழுதி விட்டுடுறாங்க, எதுக்குப் போச்சுன்னு சொல்றதில்ல. எனக்கு இதுல உண்மையாவே வருத்தம் உண்டு.

மொட்டையா நின்னா பொருளாயிடும்னு சொன்னேன்ல, அது வெறும் கறி சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. இதைப் பத்தி தத்துவம் படிச்சவங்களே உக்காந்து யோசிச்சிருக்காங்க. பிரான்சிஸ் ஜெஃப்ரி பெல்லட்டியர்னு ஒருத்தர் 1975ல எழுதின கட்டுரையில ஒரு கற்பனை மெஷின் வரும், யூனிவர்சல் கிரைண்டர்னு பேரு, அந்த யோசனை டேவிட் லூயிஸ்ங்கிற தத்துவ அறிஞர் கொடுத்ததுன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டு கிரைண்டர் மாதிரிதான், ஆனா எதைப் போட்டாலும் அரைக்கும். ஒரு பக்கம் முழுசா ஒரு பிராணியைப் போட்டா மறுபக்கம் எண்ண முடியாத ஒரு பொருளா வந்து விழும். உள்ள போகும்போது 'எ டாக்', வெளிய வரும்போது வெறும் 'டாக்'. மாவை நாம ரெண்டு மாவு மூணு மாவுன்னு எண்ணுறதில்ல, அதே மாதிரிதான். கேக்கவே கஷ்டமான உதாரணம், ஆனா புத்தகங்கள்ல இதைத்தான் போடுவாங்க: ரோட்டுல லாரி அடிச்சதுக்கு அப்புறம் "தேர் வாஸ் டாக் ஆல் ஓவர் த ரோட்". அங்க நாய்னு ஒண்ணு இப்ப இல்ல, அது பொருளாயிடுச்சு, அதனால எ இல்ல. "தேர் வாஸ் எ டாக் ஆன் த ரோட்"னா ஒரு நாய் நல்லபடியா ரோட்டுல நின்னுட்டு இருக்கு. அந்த ஒத்தை எழுத்து 'எ' அந்த நாயோட உசுரையே காப்பாத்துதுன்னு நான் கிளாஸ்ல சொல்லுவேன், அதுக்கப்புறம் யாரும் அந்த எ-யை விட்டதில்ல.

கறி இல்லாத உதாரணமும் இருக்கு. "த கார் ஸ்மெல்ஸ் ஆஃப் டாக்", கார்ல நாய் வாடை அடிக்குது. நாய் உசுரோடதான் இருக்கு, ஆனா இங்க நாம பேசுறது நாயைப் பத்தி இல்ல, வாடையைப் பத்தி, அதனால மொட்டை. "ஷி வாஸ் வேரிங் மிங்க்"னா அந்த மிங்க்குங்கிற பிராணியோட ரோமத்துல செஞ்ச கோட்டு.

இப்ப உங்க பொண்ணு அடுத்து ஒண்ணு கேப்பா பாருங்க. சரி, மொட்டையா வச்சா கறின்னா, மாட்டுக்கறிக்கு "ஐ லைக் கவ்"னு சொல்லலாமான்னு. சொல்ல மாட்டாங்க. ஏன்னா மாட்டுக்கறிக்கு பீஃப்னு தனிப் பேரு ஏற்கெனவே உக்காந்திருக்கு. பன்னிக்கு பிக், கறி போர்க். செம்மறிக்கு ஷீப், கறி மட்டன். கன்னுக்குட்டிக்கு காஃப், கறி வீல். மானுக்கு டியர், கறி வெனிசன். இந்தக் கறிப் பேரு எல்லாமே பிரெஞ்சுலேருந்து வந்தது. 1066ல பிரான்ஸோட வடக்குல இருக்கிற நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சாங்க, அதுக்கப்புறம் ரொம்ப காலம் அரண்மனை, கோர்ட்டு, பெரிய வீட்டு சாப்பாட்டு மேஜைன்னு எல்லா இடத்துலயும் பிரெஞ்சுதான். பிரெஞ்சுல பஃப்னா மாடு, போர்னா பன்னி, மூட்டோன்னா ஆடு, அங்க உசுருக்கும் கறிக்கும் ஒரே பேருதான். இங்கிலாந்துல மட்டும் மேய்க்கிறவன் வாயில இருந்த பழைய இங்கிலீஷ் பேரு பிராணிக்கு நின்னுடுச்சு, சாப்பிடுறவங்க வாயில இருந்த பிரெஞ்சுப் பேரு கறிக்கு நின்னுடுச்சு. வால்டர் ஸ்காட்டோட ஐவன்ஹோ நாவல்ல ஒரு பன்னி மேய்க்கிறவனும் ஒரு விதூஷகனும் இதையே பேசிக்குவாங்க, அதனாலதான் இந்த விளக்கம் இவ்வளவு பரவலா தெரிஞ்சிருக்கு. ஆனா 1066 முடிஞ்ச மறுநாளே இப்படிப் பிரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. பல நூற்றாண்டு பீஃப், மட்டன் ரெண்டுமே உசுரோட உள்ள மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட புழங்கியிருக்கு, 'பீவ்ஸ்'னு மாடுகளைச் சொல்ற பழைய பன்மை இப்பவும் டிக்ஷனரியில இருக்கு. மெதுமெதுவாத்தான் ரெண்டும் தனித்தனியா ஒதுங்குச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் என்னன்னா, அதே வேலையை நாமளும் நம்ம வீட்டு அடுப்படியில பண்ணிட்டோம். யோசிச்சுப் பாருங்க. முத்தத்துல மேயுறது கோழி, சட்டியில வேகுறது சிக்கன். பட்டியில நிக்கிறது ஆடு, கடையில தொங்குறது மட்டன். "சிக்கன் முட்டை போட்டுச்சு"ன்னு தமிழ்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "மட்டன் புல்லு திங்குது"ன்னு? சொல்ல மாட்டோம். கோழிக்கறி, ஆட்டுக்கறின்னு சொல்ற வழக்கம் நல்லாவே இருக்கு, ஆனா வெளியேருந்து வந்த பேரு கறிக்கு மட்டும் ஒட்டிக்கிச்சு, நம்ம பேரு உசுருக்கு நின்னுச்சு. இங்கிலீஷுக்கு பிரெஞ்சுல நடந்தது நமக்கு இங்கிலீஷ்ல நடந்திருக்கு. உங்க பொண்ணுக்கு "ஐ லைக் சிக்கன்" தானா சரியா வந்ததுக்குக் காரணமே இதுதான்னு நான் நினைக்கிறேன். அவ மனசுல சிக்கன்ங்கிற வார்த்தை பிறந்ததுலேருந்தே கறியாத்தான் இருக்கு. டாக் அப்படி இல்ல, அது நாய்க்கு இங்கிலீஷ். இடையில ஒண்ணு சொல்லிடறேன், மட்டன்னா நம்ம ஊர்ல பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறியையும் சேர்த்துத்தான் சொல்றோம், இங்கிலாந்துல மட்டன்னா வளர்ந்த செம்மறியோட கறி மட்டும்தான், குட்டியோடதுன்னா லேம்ப், வெளிநாடு போறவங்க மெனு பார்க்கும்போது இது உபயோகப்படும்.

ஆனா சிக்கன் கறியாவே மனசுல பதிஞ்சிட்டதால எதிர்ப்பக்கம் ஒரு சிக்கல் வரும். நாமக்கல் பக்கத்துலேருந்து வந்த ஒரு பையன், வீட்டுல முட்டைக்கோழிப் பண்ணை, கடனுக்காக இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதி எடுத்துட்டு வந்தான். மொதல் வரியே "வி ஹேவ் ஃபைவ் தவுசண்ட் சிக்கன் இன் அவர் ஃபார்ம்". அஞ்சாயிரம்னு எண்ணிட்ட பிறகு எண்ணக்கூடிய பேருதான் வரணும், சிக்கன்ஸ். அதை நான் சொல்றதுக்கு முன்னாடியே, "ஏம்ப்பா வீட்டுல இதை சிக்கன்னா சொல்றீங்க?"ன்னு கேட்டேன். "இல்ல சார், லேயர்னு சொல்லுவோம், கறிக்கோழின்னா பிராய்லர், வாங்கும்போது குஞ்சை சிக்னு சொல்லுவாங்க"ன்னான். எவ்வளவு துல்லியமான வார்த்தை அவன் வாயிலேயே இருக்கு பாருங்க, ஆனா பேப்பர்ல எழுதும்போது எல்லாத்தையும் விட்டுட்டு சிக்கன்னு போட்டுட்டான். "ஃபைவ் தவுசண்ட் லேயர்ஸ்"னு மாத்தினோம், லெட்டர் ஒரு பண்ணைக்காரர் எழுதின லெட்டர் மாதிரி ஆயிடுச்சு. இன்னொண்ணு, சிக்கன்ங்கிற வார்த்தைக்கு பழைய இங்கிலீஷ்ல அர்த்தமே கோழிக்குஞ்சுதான். வளர்ந்த பெட்டைக்கோழிக்கு ஹென். போகப்போக சிக்கன் வளர்ந்த கோழிக்கும் பரவிடுச்சு, குஞ்சுக்கு சிக்னு அதையே வெட்டி வச்சுக்கிட்டாங்க.

குட்டிங்க பேரு விஷயத்துல நமக்கு இங்கிலீஷ் ஒண்ணும் பெரிசு இல்ல. பப்பி, கிட்டன், காஃப், லேம்ப், சிக்னு அவங்க தனித்தனிப் பேரு வச்சிருக்காங்கன்னா, தொல்காப்பியம் மரபியல்ல பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவின்னு ஒன்பது இளமைப் பேரை வரிசையாச் சொல்லி, எது எந்தப் பிராணிக்குப் பொருந்தும்னும் சொல்லியிருக்கு. அணில் பிள்ளை, யானைக் கன்னு, கீரிப்பிள்ளை இதெல்லாம் நாம இன்னிக்கும் சொல்றது. யானைக்குட்டிக்கு இங்கிலீஷ்லயும் காஃப்தான், மாட்டுக் கன்னுக்கு உள்ள அதே பேரு, நம்ம கன்னு மாதிரியே. குழந்தைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தா சட்டுனு பிடிச்சுக்கும்.

பன்மைக்கு வர்றேன். எஸ் போட்டாப் போதும்னு சொல்லிட்டேன், ஆனா சில பிராணிங்க எஸ் வாங்காது. ஷீப், டியர் ரெண்டும் ஒண்ணுன்னாலும் அதே, நூறுன்னாலும் அதே. இது பின்னால வந்த விதிவிலக்கு இல்ல, பழைய இங்கிலீஷ்லயே அந்த வகைப் பேருங்களுக்குப் பன்மையில ஒண்ணும் ஒட்டாது, மத்ததெல்லாம் எஸ்ஸுக்கு மாறினப்போ இதுங்க மட்டும் அப்படியே நின்னுடுச்சு. டியர்ங்கிற வார்த்தைக்கு அப்போ மான்னுகூட அர்த்தம் கிடையாது, பொதுவா மிருகம்னு அர்த்தம், ஜெர்மன்ல அதோட சொந்தக்கார வார்த்தை 'டீர்' இன்னிக்கும் மிருகம்தான். நம்ம மாடு மேயுது, மான் ஓடுது மாதிரி இங்கிலீஷ்லயும் ஷீப்பும் டியரும் பன்மைக்கு மாறாம நிக்குது, அதனால இந்த ரெண்டும் நம்ம பசங்களுக்கு சுலபமா வந்துடும். ஆனா ஒருமைன்னா 'எ ஷீப்', 'எ டியர்'னு எ போட்டே ஆகணும், அதை மறந்துடுவாங்க.

மவுஸ் மைஸ் ஆகுது, கூஸ் கீஸ் ஆகுது, லவுஸ் லைஸ் ஆகுது. இதுல உள்ளுக்குள்ள இருக்கிற உயிரெழுத்தே மாறுது, ரொம்பப் பழைய காலத்துல பின்னால ஒட்டியிருந்த ஒரு 'இ' சத்தம் முன்னால உள்ள உயிரை தன் பக்கம் இழுத்துட்டு, அப்புறம் அது உதிர்ந்து போச்சு. சரி, கூஸ் கீஸ்னா மங்கூஸ் மங்கீஸான்னு ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தர் கேப்பாங்க. இல்ல, மங்கூஸஸ்தான். ஏன்னா அந்த வார்த்தைக்கும் வாத்துக்கும் சம்பந்தமே இல்ல, நம்ம கீரிப்பிள்ளைக்கு மராத்தியில உள்ள பேருதான் இங்கிலீஷ்ல போய் மங்கூஸ் ஆச்சு. அதே மாதிரி மூஸ், அந்தப் பெரிய கொம்பு மான், அது வட அமெரிக்க ஆதிவாசி மொழியிலேருந்து வந்த பேரு, ஒருமையும் மூஸ் பன்மையும் மூஸ். பெருச்சாளிக்கு பேண்டிகூட்னு சொல்றாங்களே, அது தெலுங்கு பந்திகொக்கு, பன்னியெலின்னு அர்த்தம். சீட்டா இந்தியிலேருந்து போனது. இப்படிப் போன பேருங்கள்ல பெரும்பாலானது இங்கிலீஷ் வழக்கப்படி எஸ் வாங்கிக்கிச்சு.

கேட்டில்னு ஒரு வார்த்தை, மாடுகளைப் பொதுவாச் சொல்றது, இதை மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க. அது எப்பவுமே பன்மை, "கேட்டில் ஆர் கிரேஸிங்"தான், 'எ கேட்டில்'னு கிடையாது, எண்ணணும்னா "டென் ஹெட் ஆஃப் கேட்டில்"னு தலைக் கணக்கு சொல்லணும், ஹெட்ஸ்னு எஸ் போடக்கூடாது. இந்த வார்த்தைக்கு முதல்ல அர்த்தம் மாடு இல்ல, சொத்து. கேப்பிட்டல்னு இன்னிக்கு முதலீட்டுக்குச் சொல்றோமே, அதுவும் இதுவும் ஒரே வேர். சொத்துங்கிற சொல்லு கால்நடையா சுருங்கிடுச்சு. தமிழ்ல மாடுங்கிற சொல்லுக்கே செல்வம்னு ஒரு அர்த்தம் உண்டு, கல்வியைத் தவிர மத்தது எதுவும் ஒருத்தனுக்கு மாடு இல்லன்னு குறள்ல வருதே, அந்த மாடு செல்வம்தான். எங்கேயோ இருக்கிற ரெண்டு மொழி, ரெண்டும் மாட்டையும் செல்வத்தையும் ஒரே சொல்லுல கட்டி வச்சிருக்கு. நான் இதைச் சொல்லிக் கொடுக்கிற அன்னிக்கு கிளாஸ் கொஞ்சம் லேட்டாத்தான் முடியும்.

அடுத்து, பொதுவா ஒரு இனத்தைப் பத்திப் பேசுறப்போ என்ன பண்றதுன்னு பார்ப்போம். "த கவ் இஸ் எ டொமஸ்டிக் அனிமல்"னு கட்டுரை எழுதாம இங்க யாரும் ஸ்கூல் தாண்டி வந்ததில்ல. அந்த 'த' ஏன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? எந்த மாடு அது, எதுத்த வீட்டு மாடா? இல்ல, அந்த 'த' ஒரு இனத்தையே ஒத்தை ஆளா நிறுத்துற 'த'. "கவ்ஸ் ஆர் டொமஸ்டிக் அனிமல்ஸ்"னாலும் சரி, "எ கவ் இஸ் எ டொமஸ்டிக் அனிமல்"னாலும் சரி, மூணும் ஓடும். வித்தியாசம் எப்ப தெரியும்னா இனம் முழுசுக்கும்தான் பொருந்தும், ஒத்தைப் பிராணிக்குப் பொருந்தாதுங்கிற சேதியைச் சொல்லும்போது. மொரிஷியஸ் தீவுல இருந்த டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டுலயே அழிஞ்சு போச்சு. "த டோடோ இஸ் எக்ஸ்டிங்ட்" சரி. "எ டோடோ இஸ் எக்ஸ்டிங்ட்" தப்பு, ஏன்னா ஒத்தை டோடோ சாகலாம், அத்துப் போக முடியாது, இனம்தான் அத்துப் போகும். மொட்டையா "டோடோ இஸ் எக்ஸ்டிங்ட்"னு எழுதுறதும் தப்பு, நம்ம பேப்பர்ல அடிக்கடி "டைகர் இஸ் அவர் நேஷனல் அனிமல்"னு வரும், 'த டைகர்'னு இருக்கணும். அப்படி த போடாம விட்டா டைகர்ங்கிறது யாரோட பட்டப்பேரு மாதிரி ஆயிடும்.

வேட்டைக்காரங்களும் சஃபாரி கூட்டிட்டுப் போறவங்களும் மட்டும் "வி சா லயன் அண்ட் எலிஃபண்ட்"னு எஸ் இல்லாம சொல்லுவாங்க, பத்து யானை பார்த்தாலும் எலிஃபண்ட்தான், அது அந்தத் தொழிலோட பேச்சு. பரீட்சையில எழுத வேண்டாம்.

ஒரு பேரு இன்னொரு பேருக்கு முன்னால போய் நின்னா எஸ் கழண்டுடும். நூறு நாய்க்கு வாங்கினாலும் 'டாக் ஃபுட்', வீடு பூரா எலி இருந்தாலும் 'மவுஸ்டிராப்', மைஸ்டிராப் கிடையாது. தமிழ்ல இந்த இடத்துல பேரே வளையும், ஆடு ஆட்டுப்பால் ஆகும், மாடு மாட்டுத்தொழுவம் ஆகும். இங்கிலீஷ்ல வளையாது, வரிசைதான் வேலை செய்யுது. ஆனா பாலுக்கு 'கவ்ஸ் மில்க்', 'கோட்ஸ் மில்க்'னு மேல ஒரு கொக்கி போட்ட எஸ் வரும், 'ஸ்பைடர்ஸ் வெப்', 'பேர்ட்ஸ் நெஸ்ட்' மாதிரி. பிராணி தானே கொடுத்தது, தானே கட்டினதுன்னா பெரும்பாலும் இந்தக் கொக்கி வரும்னு நான் சொல்லிக் கொடுக்குறேன், அது முழு விதி இல்ல, பிடிச்சுக்க ஒரு கைப்பிடி.

பெரிய எழுத்து சின்ன எழுத்து விஷயம் சின்னதுதான். பிராணிப் பேருக்கு கேப்பிட்டல் வேண்டாம், அதுக்குள்ள ஊர்ப்பேரு இருந்தா அதுக்கு மட்டும். நம்ம மாநில விலங்கு வரையாடு, 'நீல்கிரி தார்', அதுல நீல்கிரிக்குப் பெரிய எழுத்து, தாருக்கு சின்ன எழுத்து.

இட்டா ஹியா ஷியான்னு ஒரு குழப்பம் உண்டு. இலக்கணப்படி பிராணிக்கு 'இட்', நம்ம அஃறிணை 'அது' மாதிரியே. ஆனா வீட்டு நாயை நாமளே "அவன் இன்னும் சாப்பிடல"ன்னு சொல்றோம், இங்கிலீஷ்காரங்களும் அப்படித்தான். அசோசியேட்டட் பிரஸ் நியூஸ் ஏஜென்சியோட ஸ்டைல்புக்ல, பிராணிக்குப் பேரு இருந்தாலோ ஆணா பெண்ணான்னு தெரிஞ்சாலோ ஹி, ஷின்னு எழுது, இல்லேன்னா இட்னு எழுதுன்னு ஒரு விதி இருக்கு. உங்க பொண்ணு கட்டுரையில "மை டாக்ஸ் நேம் இஸ் மணி"ன்னு எழுதிட்டா, அடுத்த வரியில "ஹி லைக்ஸ் மில்க்"னு தாராளமா எழுதலாம். யாராவது இட்னு திருத்தினா அவங்ககிட்ட மரியாதையா கேக்கலாம்.

மனுஷங்களைப் பிராணிப் பேரு சொல்லிக் கூப்பிடுறப்பவும் இந்த 'எ' விளையாடும். "ஹி இஸ் எ பிக்"னா அவன் ஒரு பன்னி, எ இல்லாம அது நிக்காது. ஆனா "ஹி இஸ் சிக்கன்"னு எ இல்லாம சொன்னா பயந்தாங்கொள்ளின்னு அர்த்தம், அங்க சிக்கன் பேரா இல்லாம குணத்தைச் சொல்ற சொல்லாவே மாறிடுச்சு. இதுல ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், நம்ம அர்த்தத்தை அப்படியே கொண்டு போகக்கூடாது. நம்ம ஊர்ல ஒரு பொண்ணை "பசு மாதிரி"ன்னா சாது, நல்ல குணம். பிரிட்டன்ல ஒரு பொம்பளையை 'கவ்'னு சொன்னா அது கேவலமான திட்டு. ஆந்தைன்னா நமக்கு முழியும் அபசகுனமும், அங்க அது புத்திசாலிக்கு அடையாளம்.

கூட்டப் பேருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி முடிச்சிடறேன், ஏன்னா ஸ்கூல்ல பெரிய பட்டியலே மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. 1486ல இங்கிலாந்துல அச்சான ஒரு வேட்டைப் புத்தகத்துல அப்படி ஒரு நீள பட்டியல் இருக்கு, காக்கா கூட்டத்துக்கு மர்டர்னு சொல்றதெல்லாம் அந்தக் காலத்துப் பட்டியல்கள்ல வர்றதுதான். பேசுறவங்க உண்மையில புழங்குறது ஹெர்ட், ஃப்ளாக், பேக், ஸ்வார்ம் மாதிரி ஏழெட்டுதான், மத்ததை விட்டுடலாம். அதுல கவனிக்க வேண்டியது பின்னால வர்ற பேரு, "எ ஹெர்ட் ஆஃப் எலிஃபண்ட்ஸ்", அங்க எஸ் கண்டிப்பா வேணும்.

குழந்தைக்கு எப்படிச் சொல்றதுன்னா, இலக்கணப் பேரு எதுவும் வேண்டாம். ஒரு பேப்பர்ல மூணு கட்டம் போடுங்க. மொதல் கட்டத்துல ஒரு கோழி, ரெண்டாவதுல நாலஞ்சு கோழி, மூணாவதுல ஒரு தட்டுல குழம்பு. அவளையே வரையச் சொல்லுங்க. கீழ 'எ சிக்கன்', 'சிக்கன்ஸ்', 'சிக்கன்'னு எழுதச் சொல்லுங்க. அப்புறம் அதே மூணு கட்டத்தை நாய்க்குப் போடச் சொல்லுங்க. மூணாவது கட்டம் வரும்போது அவ பேனாவை வச்சுட்டு உங்களைப் பார்ப்பா, அந்த இடத்துல அவளுக்கே புரிஞ்சிடும் டீச்சர் ஏன் எஸ் போட்டாங்கன்னு.

மீன் மட்டும் இந்தக் கட்டத்துல அடங்காது. ஃபிஷ்ஷுக்கு ஒண்ணும் ஃபிஷ், பலவும் ஃபிஷ், கறியும் ஃபிஷ், பல வகை இனங்களைப் பிரிச்சுச் சொல்றப்போதான் ஃபிஷஸ்னு வரும். அதனால அவ "ஐ லைக் ஃபிஷ்"னு எழுதிட்டு வந்தா, தொட்டியிலயா தட்டுலயான்னு கேளுங்க. தட்டுன்னா அப்படியே இருக்கட்டும். தொட்டின்னா "ஐ லைக் வாட்சிங் ஃபிஷ்"னு எழுதச் சொல்லுங்க.